ஒரே வாக்கியம், இரண்டு சட்டங்கள்

ஒரு மக்களுக்குப் பெயர் வைப்பது யார் என்பது நமக்குப் பழைய சண்டை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், வசையாக வீசப்பட்ட சொல்லையே தலைப்பாக்கி 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி 'ஆதிதிராவிடர்' அரசு ஆவணங்களுக்குள் வந்தது. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. 'ஊனமுற்றோர்' என்றிருந்த இடத்தில் 2010இல் கலைஞர் அரசு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. 2015இல் பிரதமர் மோடி 'திவ்யாங்' என்றார், அதாவது தெய்வீக உறுப்பு கொண்டவர். ஹரிஜன் வந்த அதே கோயில் வாசல். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவும் அதை எதிர்த்தன.

அலுவலகப் பலகை மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் ஊர்களில், பேரன் எடுத்த பெரியவரையும் 'ஏ நொண்டி' என்றே கூப்பிடுகிறார்கள். அவர் காலனிக்காரர் என்றால் 'டா'வும் சேர்ந்துகொள்கிறது. மனு கொடுக்கச் சக்கர நாற்காலியில் வந்தவர் எதிரிலேயே இருக்க, 'இவருக்கு என்ன வேணும்?' என்று தள்ளி வந்தவரிடம் கேட்கிறார்கள்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நமக்கெல்லாம் மனப்பாடமான ஒரு வாக்கியம் உண்டு: பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய அதே சொற்கள். தண்டனையும் அதேதான்: ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம்.

ஒரு வேறுபாடு உண்டு. முதல் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் மீது மட்டுமே பாயும். இரண்டாவதற்கு அந்த வரம்பு கிடையாது. சேரிக்குள் நம்மவரே நம்மவரை 'செவிடா' என்று நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினாலும் அது பொருந்தும். நம் மேடைகளில் 'குருட்டு அரசு', 'நொண்டிச் சாக்கு' தாராளமாக வருகின்றன. அம்பேத்கர் 1920இல் தொடங்கிய இதழின் பெயரே 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். அன்று அது பேசவிடாமல் வைக்கப்பட்ட மக்களைக் குறித்தது. இன்று கூட்டத்தில் சைகை மொழி பேசும் தோழர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அதே உவமையை எடுக்கலாமா, அவரிடமே கேட்டுவிடலாம்.

பட்டியல் சாதியைச் சேர்ந்த மாற்றுத்திறனாளியைச் சாதி சொல்லியும் உடல் சொல்லியும் ஊரார் திட்டினால், காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் இரண்டு சட்டங்களையும் குறிப்பிடுங்கள். 92ஆம் பிரிவை நாம் எழுதிக் கேட்காவிட்டால் அது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.