தொடுதிரை எழுத்தாணி

தொடுதிரை எழுத்தாணி என்பது கைப்பேசி, கைக்கணினி, பலகைக் கணினி ஆகியவற்றின் திரையில் தொடவும் எழுதவும் வரையவும் பயன்படும் பேனா வடிவக் கருவி. பேச்சுவழக்கில் இதை ஸ்டைலஸ் என்றும் டச் பென் என்றும் சொல்வர். 1990களிலும் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் தொடுதிரைக் கைப்பேசி என்றாலே பெரும்பாலும் அதன் ஓரத்தில் ஓர் எழுத்தாணி செருகியிருக்கும். 2007க்குப் பின் சில ஆண்டுகளிலேயே விரல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2011இல் எழுத்தாணி வேறொரு தொழில்நுட்பத்தோடு திரும்பி வந்தபோது அதன் வேலையும் மாறியிருந்தது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பயனர்களின் விருப்பு வெறுப்பைவிடத் திரைக்கண்ணாடியோடு ஒட்டிய உணர்தகடே பெரிய காரணம்.

பெயர்

எழுத்தாணி தமிழுக்குப் பழைய சொல். பனையோலையில் எழுத்தைக் கீறும் கூரிய இரும்புக் கருவியை அது குறித்தது. ஓலையை இடக்கையில் பிடித்து, இடக்கைக் கட்டைவிரலின் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியை ஊன்றி எழுதுவது வழக்கம். எழுத்தாணி ஓரிடத்தில் நிற்க, ஓலையே நகரும். கீறிய எழுத்தில் கரி பூசினால் அது கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலச் சொல்லான ஸ்டைலசுக்கும் இதே வரலாறு உண்டு. ரோமானியர் மெழுகுப் பலகையில் எழுதிய கூர்முனைக் கருவியின் பெயரே பின்னாளில் கணினித் துறைக்கு வந்தது.

திரை தொடுதலை உணரும் முறை

கைப்பேசிகளில் மூன்று வகை உணர்தகடுகள் பரவலாகப் பயன்பட்டன.

முதலாவது மின்தடை வகை. மின்கடத்தும் பூச்சுள்ள இரு படலங்களை மிகச் சிறிய புள்ளிகள் பிரித்து வைத்திருக்கும். மேல் படலத்தை அழுத்தினால் அது கீழ்ப் படலத்தைத் தொடும். தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தைக் கொண்டு கருவி இடத்தைக் கணக்கிடும். அழுத்தம் மட்டுமே தேவை என்பதால் நகம், பேனா மூடி, கையுறை போட்ட விரல் என எதுவும் வேலை செய்யும். கூர்முனையில் அழுத்தம் ஓரிடத்தில் குவிவதால் எழுத்தாணிக்கே இந்தத் திரை நன்றாகப் பணியும். விரலின் மென்மையான சதை பட்டால் சற்று அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். சாதாரண மின்தடைத் திரை ஒரே நேரத்தில் ஒரு தொடுதலைத்தான் அறியும்.

இரண்டாவது மின்தேக்கு வகை. கண்ணாடியின் கீழ் ஒளி ஊடுருவும் மின்கடத்திக் கோடுகள் வலைபோல ஓடும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கும் இடத்தில் மின்தேக்கம் மாறும். அழுத்தவே வேண்டாம், பட்டால் போதும். பல விரல்களை ஒரே நேரத்தில் அறியலாம். ஆனால் பிளாஸ்டிக் குச்சியும் நகமும் துணிக் கையுறையும் இதற்குத் தெரியாது.

மூன்றாவது மின்காந்த ஒத்திசைவு வகை. திரைக்குப் பின்னால் உள்ள கம்பிச்சுருள் பலகை மின்காந்த அலைகளை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சிறு சுற்று அதற்கு எதிரொலி தரும். பேனாவுக்கு மின்கலம் வேண்டாம். முனை திரையைத் தொடுவதற்கு முன்பே அது எங்கே நிற்கிறது என்பதும், தொட்டபின் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் கருவிக்குத் தெரியும். ஜப்பானின் வாக்காம் நிறுவனம் இந்த முறையை ஓவியர்களுக்கான வரைபலகைகளில் வளர்த்தெடுத்தது.

தொடக்க காலம்

பேனாவால் திரையோடு உறவாடும் எண்ணம் கைப்பேசிக்கு வெகுகாலம் மூத்தது. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடும் வட்டமும் வரைய அது இடம் தந்தது. 1964இல் ராண்ட் நிறுவனம் எழுத்தாணியோடு கூடிய வரைபலகை ஒன்றை வெளியிட்டது.

விரலும் ஏறக்குறைய அதே காலத்தில் களத்துக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் ஆய்வு நிறுவனத்தின் ஈ. ஏ. ஜான்சன், விரல் தொடுதலை உணரும் மின்தேக்குத் திரையை 1965இல் விவரித்தார். வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் விசைகளைத் தேடாமல் திரையையே தொட்டு வேலை செய்ய வேண்டும் என்பது நோக்கம். 1972இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 கல்விக் கணினியில் மாணவர்கள் விரலால் திரையைத் தொட்டு விடையளித்தனர். அதன் அகச்சிவப்புக் கதிர்கள் திரையை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்தன. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் பெண்ட் ஸ்டம்பும் ஃபிராங்க் பெக்கும் 1970களில் மின்தேக்குத் தொடுதிரைகளைத் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காகச் செய்தனர்.

மின்தடை வகையின் தொடக்கம் இதே பத்தாண்டில் அமைந்தது. கெண்டகி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாம் ஹர்ஸ்ட், வரைபடங்களில் உள்ள அளவுகளைக் கணினிக்கு ஏற்றும் சலிப்பான வேலையைச் சுருக்க 1971இல் ஓர் உணர்பலகையை உருவாக்கினார். அவர் தொடங்கிய எலோகிராஃபிக்ஸ் நிறுவனம் பின்னர் ஒளி ஊடுருவும் மின்தடைத் திரைகளைச் செய்தது. மின்தேக்குத் திரை பிறப்பில் மூத்ததானாலும், கையடக்கக் கருவிகளில் முதலில் இடம்பிடித்தது விலை குறைந்த மின்தடைத் திரைதான். எழுத்தாணிக்குக் கிடைத்த நீண்ட வாழ்வு அதனால் வந்தது.

கைக்கணினிகள்

1989இல் வெளிவந்த கிரிட்பேட், எழுத்தாணியால் இயங்கிய தொடக்ககாலப் பலகைக் கணினிகளில் ஒன்று. அதை வடிவமைத்தவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். 1993 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் மெசேஜ்பேடை 699 டாலர் விலையில் விற்பனைக்கு விட்டது. பயனர் தம் வழக்கமான கையெழுத்தில் எழுதுவார், கருவி அதைப் படித்துக்கொள்ளும் என்பது அதன் வாக்குறுதி. தொடக்கப் பதிப்பு எழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்துக் கேலிக்கு ஆளானது. பின்வந்த பதிப்புகளில் திறன் கூடியும் பழைய பெயர் போகவில்லை. 1998இல் நியூட்டன் கைவிடப்பட்டது.

ஹாக்கின்ஸ் இதே சிக்கலைத் தலைகீழாகத் தீர்த்தார். 1996இல் வந்த பாம் பைலட்டில் கிராஃபிட்டி என்ற எழுத்துமுறை இருந்தது. ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் எளிதாக்கப்பட்ட ஒரு வடிவம் பெற்றது. ஏறக்குறைய எல்லாமே பேனாவைத் தூக்காமல் ஒரே இழுப்பில் எழுதக்கூடியவை. மனிதர் கையெழுத்தைக் கருவி கற்பதற்குப் பதில் கருவியின் எழுத்தை மனிதர் கற்றனர். சிறிது பழகினால் பிழை குறைந்தது. கருவியைச் செய்யும் முன் அதே அளவு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹாக்கின்ஸ் நடமாடிப் பார்த்தார் என்பது இத்துறையில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

இந்தியாவிலும் இந்த அலை வீசியது. பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர், எழுத்தாணியால் இயங்கிய மலிவுவிலைக் கைக்கணினி. அதன் அமிதா என்ற வடிவத்தைப் பிக்கோபெட்டாவும் பாரத் எலக்ட்ரானிக்சும் 2004இல் வெளியிட்டன.

எழுத்தாணிக் கைப்பேசிகள்

1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன், தொடுதிரையும் தொலைபேசியும் இணைந்த முதல் கருவியாகக் கருதப்படுகிறது. அரைக் கிலோ எடையுள்ள அதில் எண்விசைகளே கிடையாது. திரையில் தெரியும் எண்களை விரலாலும் தொடலாம், எழுத்தாணியாலும் தொடலாம். சுமார் 50,000 கருவிகள் விற்றன.

அடுத்த பத்தாண்டில் எரிக்சன் ஆர்380, சோனி எரிக்சன் பி800, பாம் ட்ரியோ, விண்டோஸ் மொபைல் கருவிகள் எனப் பல வந்தன. விண்டோஸ் மொபைலின் பட்டியல்களும் உருள்பட்டைகளும் மேசைக் கணினியைச் சுருக்கியவை போலவே இருந்தன. சில மில்லிமீட்டர் அகலமுள்ள பொத்தானை விரலால் தொட முயன்றால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும். எழுத்தாணியை எடுக்காமல் அவற்றில் எதையும் செய்து முடிப்பது கடினம். எடுத்தாலோ ஒரு கை கருவிக்கும் மறு கை பேனாவுக்கும் போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக் குச்சி எளிதில் தொலையும் என்பதால் மாற்று எழுத்தாணிகள் கட்டுக்கட்டாக விற்கப்பட்டன.

சீனத்தில் நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட மொழியை எண்விசைகளில் உள்ளிடுவதைவிட எழுதுவதே பலருக்கு எளிது. மோட்டோரோலா 1999இல் வெளியிட்ட ஏ6188 சீனக் கையெழுத்தைப் படித்தது. ஒளி ஊடுருவும் மூடி கொண்ட மோட்டோரோலா மிங் அங்கே பெரும் வரவேற்பைப் பெற்றது.

2007: விரலின் எழுச்சி

டெலாவேர் பல்கலைக்கழகத்தின் வெய்ன் வெஸ்டர்மனும் ஜான் எலியாசும் 1998இல் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ், பல விரல் சைகைகளை உணரும் பலகைகளைச் செய்துவந்தது. 2005இல் ஆப்பிள் அதை வாங்கியது. 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், எழுத்தாணி யாருக்கு வேண்டும் என்று மேடையிலேயே கேட்டு, பிறவியிலேயே வாய்த்த விரலை அதற்கு மாற்றாகக் காட்டினார். மின்தேக்குத் திரையில் அது முதல் கைப்பேசி அல்ல; எல்ஜி பிராடா அதற்குச் சற்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஐபோன் செய்த பெரிய மாற்றம், திரைக்கு உள்ளே இருந்த அனைத்தையும் விரலின் அளவுக்குத் திருத்தி எழுதியதுதான். பட்டியல் வரிசைகள் அகலமாயின. உருள்பட்டையை இழுப்பதற்குப் பதில் பக்கத்தையே தள்ளலாம். இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கலாம். விரல்நுனி தொடக்கூடிய பொத்தானுக்குக் குறைந்தது 44 புள்ளி அளவு வேண்டும் என்று ஆப்பிள் வடிவமைப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. கூகுளின் ஆண்ட்ராய்டு விதி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்.

எழுத்தாணி உடனே மறைந்துவிடவில்லை. 2008இல் அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் மின்தடைத் திரையோடு வந்தது. எழுத்தாணியோடு கிட்டார் மீட்டும் முக்கோண வில்லையொன்றும் அதன் பெட்டியில் இருந்தது. ஆனால் மின்தேக்குத் திரையின் விலை இறங்க இறங்க மின்தடைத் திரை கைப்பேசிகளிலிருந்து விலகியது. பழைய பிளாஸ்டிக் எழுத்தாணி அந்தத் திரையோடு சேர்ந்து போனது. புதிய திரைக்கெனச் செய்த மலிவான எழுத்தாணிகளுக்கு மின்கடத்தும் ரப்பர் முனை வைக்க வேண்டியிருந்தது. சிறு தொடுதலைத் திரை கண்டுகொள்ளாது என்பதால் அந்த முனையும் விரல்போலத் தடித்தே இருந்தது. பேனாவின் சிறப்பான கூர்மையே அதில் இல்லை. 2010 குளிர்காலத்தில் தென்கொரியர் சிலர் கையுறையைக் கழற்றாமல் பொட்டலத்தில் வரும் சிறு சாசேஜ்களால் ஐபோனை இயக்கிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

எழுத்தாணிக் காலத்தின் சில கண்டுபிடிப்புகள் விரலுக்குக் கைமாறின. ஐபிஎம் ஆய்வகத்தில் ஷுமின் ஜாயும் பெர் ஓலா கிறிஸ்டென்சனும் 2003இல் எழுத்தாணி விசைப்பலகைக்கென வகுத்த, எழுத்திலிருந்து எழுத்துக்குத் தூக்காமல் இழுத்துச் சொல்லை உள்ளிடும் முறை இன்று விரல் தட்டச்சில் இயல்பாகிவிட்டது.

மீட்சி

2011 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் கேலக்சி நோட் அறிமுகமானது. 5.3 அங்குலத் திரை கைப்பேசிக்கு மிகப் பெரிது என்று பலர் நகைத்தனர். விரலுக்கு மின்தேக்குத் தகடும், எஸ் பென் என்ற பேனாவுக்கு வாக்காமின் மின்காந்த ஒத்திசைவுப் பலகையும் அதில் ஒன்றாக இருந்தன. பேனா 256 அழுத்த நிலைகளை உணர்ந்தது. 2012இல் வந்த நோட் 2இல் அது 1024 ஆனது. முதல் நோட் ஓராண்டுக்குள் ஒரு கோடி விற்றதாக நிறுவனம் அறிவித்தது. நோட் வரிசை 2020இல் முடிவடைந்தபோதும், 2022இல் வந்த எஸ்22 அல்ட்ராவுக்குள் பேனா குடிபுகுந்தது. மோட்டோரோலாவும் எல்ஜியும் குறைந்த விலையில் எழுத்தாணிக் கைப்பேசிகளைக் கொண்டுவந்தன. ஆப்பிள் 2015இல் தன் பென்சிலை வெளியிட்டது. அது ஐபேடுக்கு மட்டுமே, ஐபோனில் இயங்காது.

விரலும் எழுத்தாணியும்: ஒப்பீடு

தேடுதல், தள்ளுதல், தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றில் விரலே வேகமானது. எங்கிருந்தும் எடுக்க வேண்டாம், ஒற்றைக் கையின் கட்டைவிரலே போதும். ஆனால் தொடும் இடத்தையே விரல் மறைத்துவிடும். ஒரு சொல்லின் நடுவே குறியைக் கொண்டுபோய் வைப்பது, வரைபடத்தைத் திருத்துவது, கையொப்பம் இடுவது போன்றவற்றில் கூர்முனை முந்துகிறது. கூரியர் ஊழியர் நீட்டும் கருவியில் விரலால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். நீண்ட நகம் வைத்திருப்போர், விரல் நடுக்கம் உள்ளோர் ஆகியோருக்கும் எழுத்தாணி உதவுகிறது. கைகளைப் பயன்படுத்த இயலாதோர் வாயில் கவ்வி இயக்கும் எழுத்தாணிகளும் உள்ளன.

தமிழ் உள்ளீடு

தமிழில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 அடிப்படை எழுத்துகள். தமிழ்99 போன்ற விசைப்பலகையைக் கைப்பேசித் திரையின் அகலத்துக்குள் அமைத்தால் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைவிட விசைகள் குறுகும், விரல் தவறுவதும் கூடும். இக்காரணத்தால் கையெழுத்து உணரும் ஆய்வுகளுக்குத் தமிழில் தனி மதிப்பு உண்டு. இந்தியாவில் இருந்த எச்பி ஆய்வகம், எழுத்தாணியால் எழுதிய தமிழ் எழுத்துகளைத் திரட்டி 156 குறிகளாக வகுத்தது. உயிர்மெய்களில் பல, தனித்து நிற்கும் துணைக்குறிகளால் அமைவதால் அத்தனை குறிகளே முழு எழுத்துமுறைக்கும் போதும். அத்தொகுப்பைக் கொண்டு 2006இல் பன்னாட்டு அளவில் கையெழுத்து உணரும் போட்டி ஒன்றும் நடந்தது. 2015இல் கூகுள் வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டுச் செயலி 82 மொழிகளை ஏற்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. அது விரலால் எழுதினாலும் படித்தது, எழுத்தாணியால் எழுதினாலும் படித்தது.

இன்றைய நிலை

இன்று விற்பனையாகும் கைப்பேசிகளில் மிகப் பெரும்பான்மை எழுத்தாணி இல்லாமலே வருகின்றன. கருவியை இயக்க அது தேவையில்லை. குறிப்பெடுப்போர், ஓவியர், ஆவணங்களில் திருத்தம் எழுதுவோர் ஆகியோருக்கான தனிக்கருவியாக அது நிலைபெற்றுள்ளது.