எழுதாத பாட்டுக்குப் பங்கு

பாடலாசிரியர் உரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஓட்டல்ல ஒரு பாட்டு ஓடுது. அதுக்குக் காசு யாருக்கு மேம் போகும்? பாடினவங்களுக்கா?" பாட்டு என்றதும் அவள் மனத்தில் முதலில் வந்தது குரல்தான். ஆனால் சட்டத்தின் மனத்தில் முதலில் வந்தது குரல் அல்ல, எழுத்து. அந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்பதே என் அக்கறை.

1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் ஓர் உணவு விடுதிக்குப் போயிருந்தார். அவருடைய பாட்டை அங்கே இசைத்துக்கொண்டிருந்தார்கள். என் பாட்டுக்கு நீங்கள் பணம் தரவில்லை, உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும் என்று மறுத்துவிட்டார். வழக்கு நடந்தது, அவர் வென்றார். ஆனால் ஒரு தனிமனிதர் எத்தனை விடுதிகளின் வாசலில் போய் நிற்க முடியும்? அதனால் 1851இல் 'சாசெம்' என்ற சங்கம் பிறந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1914இலும், இந்தியாவில் 1969இலும் இத்தகைய சங்கங்கள் அமைந்தன. நம்முடையதன் பெயர் ஐ.பி.ஆர்.எஸ்.

ஓட்டல், வானொலி, மேடைக் கச்சேரி என்று பாட்டைப் பொதுவில் ஒலிக்கச் செய்பவர் சங்கத்திடம் உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்துகிறார். சங்கம் தன் செலவைக் கழித்துக்கொண்டு, எந்தப் பாட்டு எங்கே ஒலித்தது என்ற பட்டியலைப் பார்த்து மீதியைப் பிரிக்கிறது. ஒரு பாதி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும். மறுபாதி 'பப்ளிஷர்' எனப்படும் வெளியீட்டாளருக்கு. இசைத்தட்டு வருவதற்கு முன் மேலைநாடுகளில் பாட்டு, அச்சடித்த சுரத்தாளாகத்தான் விற்பனையானது. அதை அச்சிட்டு விற்றவரே வெளியீட்டாளர். நம் ஊரில் சினிமாப் பாட்டுக்கு யாரும் சுரத்தாள் விற்றுப் பிழைக்கவில்லை. அந்த நாற்காலியில் படத் தயாரிப்பாளர் அமர்ந்தார். அவரிடமிருந்து உரிமையை வாங்கிய ஆடியோ நிறுவனம் பிறகு அமர்ந்தது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட அல்லது அச்சிடப்பட்ட இசையை மட்டுமே இசைப் படைப்பு என்று வரையறுத்தது. காதால் கேட்டு வாயால் கற்கும் மரபுள்ள நாட்டில் இப்படி ஒரு வரையறை! 1994 வரை அது நீடித்தது.

1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஐ.பி.ஆர்.எஸ். ஒரு பக்கம், கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் மறுபக்கம். பணம் கொடுத்துப் பாட்டை எழுதவும் இசையமைக்கவும் செய்த தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதன் முதல் உரிமையாளர் என்றது தீர்ப்பு. படைத்தவருக்கு மிஞ்சியது ஒருமுறைக் கூலி. அதே வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு ஒன்றை எழுதினார். நம் சட்டம் இசையமைத்தவரைக் கவனிக்கிறது, பாட்டுக்கு உயிர் கொடுத்துப் பாடுபவரை விட்டுவிடுகிறது, நம் இசை மரபுக்கு இது பொருந்தவில்லை என்பது அவர் வருத்தம்.

அந்த வருத்தத்தை அதற்கும் முன்பே ஒரு பெண் கோரிக்கையாக வைத்திருந்தார். 1960களில் லதா மங்கேஷ்கர் இசைத்தட்டு வருவாயில் பாடகருக்கும் பங்கு கேட்டார். சம்பளம் வாங்கியதோடு கணக்கு முடிந்தது என்பது முகமது ரஃபியின் நிலைப்பாடு. இதனால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவே இல்லை. ரஃபியின் எளிமையைப் பாராட்டியும் லதாவைப் பணத்தாசைக்காரர் என்பதுபோலவும் சொல்லப்பட்ட கதைகளைக் கேட்டிருக்கிறேன். உழைப்புக்குப் பங்கு கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் வழக்கமான பட்டம்தான் அது.

சினிமாவில் பெண்கள் பெருமளவில் இருந்தது ஒலிவாங்கியின் முன்னால். எழுதும் மேசையிலும் இசையமைக்கும் ஆர்மோனியத்தின் பின்னாலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ராயல்டி பேனாவைத் தொடர்ந்து போகும், குரலைத் தொடராது என்று சட்டம் சொன்னபோது, பெண் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் அது பெண்களை வெளியே நிறுத்தியது.

2012இல் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த பிற பயன்பாடுகளில், படைத்தவருக்குச் சரிபாதி ராயல்டி உண்டு. அந்த உரிமையை அவரே விரும்பினாலும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது. இறந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், அது மனைவிக்கும் மக்களுக்கும் போய்ச் சேரும். பாடகருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டென்றாயிற்று. 2013இல் பாடகர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். இன்று தாமரை, உமாதேவி என்று பெண்களின் பேனாவும் திரையில் இருக்கிறது.

ஆனால் மாணவியின் கேள்வி அதோடு முடியவில்லை. சினிமாவுக்கு வெளியே பாடிய பெண்கள்? தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி இவற்றுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயர் இல்லாத பாட்டு சட்டத்தின் பார்வையில் எல்லாருக்கும் பொது. அதை எடுத்து இசைக்கோவை செய்தவர் அந்தக் கோவைக்கு உரிமை கோரலாம். அவருக்கு அதைக் கொடுத்த வாய்க்கு எதுவுமில்லை.

இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தடுமாறியது. முனைவர் பட்டத்துக்காக நான் ஒப்பாரி சேகரித்தபோது ஒரு மூதாட்டி ஒரு மாலை முழுக்க எனக்குப் பாடினார். கேட்ட பாட்டை அப்படியே ஒப்பிக்கவில்லை. தன் மகளை நினைத்து, அங்கேயே அடி அடியாகக் கட்டிப் பாடினார். என் ஆய்வேட்டில் அந்தப் பாடல்கள் 'சேகரித்தவர்' என்ற என் பெயரோடு இருக்கின்றன. பாடியவரைப் பற்றி 'பெண், வயது 70' என்று மட்டும் இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய்ப் பழைய கள ஏட்டைத் தேடி எடுத்தேன். ஊர், தேதி, ஒலிநாடா எண் எல்லாம் இருந்தன. பெயர் இல்லை. கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறைசொல்லும் நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

ராயல்டி என்பது பெயரைத் தேடிவரும் பணம். பாட்டு எழுதும் மாணவிகளிடம், எழுதியதைச் சங்கத்தில் உங்கள் பெயரில் பதியுங்கள், படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள் என்று சொல்கிறேன். களப்பணிக்குப் போகிறவர்களுக்கு நான் தரும் படிவத்தின் முதல் வரி இப்போது பாடியவரின் பெயர். அது காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.