ஒருவர் கட்டிய பாதை, பலர் ஓட்டும் கோச்சி

எனக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது, சிறுநீரகத்துக்கு அடுத்தபடியாக என்னை அரித்த கவலை கராஜுக்குள் இருந்த ரயில்பாதை பற்றியது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் மெஷினோடு போய்விடும். இடது கையில் ஃபிஸ்டுலா. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. பலகைக்குக் கீழே மல்லாந்து கிடந்து வயர் பற்றவைக்கும் வேலை இனி இல்லை என்பது தாதி சொல்லாமலே விளங்கிற்று. பதினெட்டு வருடமாகக் கட்டிய மொடல் அது. மனைவி கதவடியில் நின்று கேட்டார்: "இனி இதை என்னப்பா செய்யப் போறியள்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வியாழன் இரவுகளில் நாலு பேர் வருவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பாடசாலை ஆய்வுகூட உதவியாளர் ஒருவர், பஸ் ஓட்டுநர் ஒருவர், பக்கத்துத் தெருத் தமிழ்ப் பெடியன் ஒருவன். வந்து தேநீர் குடிப்பார்கள், நான் ஓட்டுவேன், அவர்கள் பார்ப்பார்கள். எல்லா வயரும் சிவப்பு நிறம், ஒருமுறை மலிவாகக் கிடைத்த பெரிய சுருளில் இருந்து வெட்டியவை. எது எந்தப் பாயிண்டுக்குப் போகிறது என்பது என் மண்டைக்குள் மட்டும் இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மெஷின் ஓடும் நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை. இந்தப் பொழுதுபோக்கின் சரித்திரத்தை அப்போதுதான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். ஒரு மனிதர் தன் கையால் ஒரு சின்ன உலகத்தைச் செய்கிறார், பிறகு அவருடைய உடம்பு தளர்கிறது. அந்த உலகத்துக்கு என்ன நடக்கும்? எனக்கு முன்னரே பலர் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்திருக்கிறார்கள்.

லண்டனில் மொடல் ரயில்வே கிளப் 1910இல் தொடங்கியது. லிவர்பூலின் ஃபிராங்க் ஹோர்ன்பி 1920இல் விளையாட்டு ரயில்களை விற்கத் தொடங்கினார். அவர் 1936இல் இறந்தார். இதய நோயோடு நீரிழிவும் அவருக்கு இருந்தது என்று வாசித்தபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டதுபோல இருந்தது. அவருடைய கம்பனி 1938இல் கொண்டுவந்த 'டப்லோ' வகை, மேசைக்கு மேல் கொள்ளும் அளவுக்கு ரயிலைச் சிறிதாக்கியது. ஆனால் ரயில் இன்னும் வட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வட்டத்தில் ஓடும் ரயிலுக்கு ஒருவர் போதும். மற்றவர்கள் பார்வையாளர்கள்.

அந்த வட்டத்தை உடைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஃபிராங்க் எலிசன். நாடக அரங்கில் வேலை செய்து பழகியவர். 1944இல் எழுதிய கட்டுரைத் தொடரில் அவர் மொடல் பாதையை நாடக மேடையாகப் பார்த்தார். ரயில்கள் நடிகர்கள், நேரசூசி கதையோட்டம். சரக்கு ஏற்றவேண்டும், ஒரு வண்டி இன்னொன்றுக்கு வழிவிட்டுக் காத்து நிற்கவேண்டும். இப்படி ஓட்டுவதற்கு ஒருவர் காணாது, ஒரு குழு வேண்டும்.

அந்த எண்ணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜோன் அலன். 1913இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் அவருடைய இதயத்தைப் பழுதாக்கியது. தொழிலால் புகைப்படக்காரர். 1940களின் நடுவில் கலிபோர்னியாவின் மொண்டெரேக்குப் போய்க் குடியேறினார். அங்கே வீட்டின் கீழ்த்தளத்தில் 1950களில் தொடங்கிய மூன்றாவது மொடல் பாதைதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மலைகள் நிலத்திலிருந்து கூரை வரை எழுந்தன. கண்ணாடிகளை மறைவாக வைத்து இடத்தைப் பெருப்பித்துக் காட்டினார். புதுப் பெட்டிகளுக்குத் துருவும் புகையும் தூசியும் பூசிப் பழசாக்கினார். பாதையின் பெயரை உச்சரித்துப் பார்த்தால் 'கோரி அன்ட் டிஃபீற்றட்' என்று வரும், அதாவது இரத்தம் சிந்தித் தோற்றது. பழுதான இதயத்தோடு வாழ்ந்தவர் தன் உலகத்துக்கு வைத்த பெயர் அது. சரக்குப் பெட்டிகளைத் தள்ளுவதற்கு எம்மா என்றொரு டைனசோரையும் எஞ்சினாகப் பதிவுசெய்து, 13ஆம் இலக்கம் கொடுத்திருந்தார்.

அந்தப் பாதையை ஓட்ட ஒரு குழு வேண்டியிருந்தது. நண்பர்கள் ஒழுங்காகக் கூடி, ஆளுக்கொரு வேலை எடுத்து, விரைவாக ஓடும் கடிகாரம் ஒன்றைப் பார்த்து வண்டிகளை நகர்த்தினார்கள். ஐந்து பாயிண்டுகளை மட்டும் கொண்ட சின்னப் பலகையில் பெட்டிகளை மாற்றிக் கோர்க்கும் ஒரு புதிரையும் அவர் செய்தார். 'டைம்சேவர்' என்ற அந்த விளையாட்டை விளக்கும் அவருடைய கட்டுரை 1972இல் வெளிவந்தது.

1973 ஜனவரி 6ஆம் திகதி அலனின் இதயம் நின்றது. வயது 59. ஏறக்குறைய பத்து நாட்களில் அந்த வீட்டில் தீப்பிடித்தது. இருபது வருட வேலை ஒரே இரவில் கரியாகிப் போனது.

இந்த இடத்தை வாசித்தபோது மெஷினின் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். பாதை எரிந்ததை ஏற்றுக்கொள்ளலாம், அது விபத்து. ஆனால் எரியாமல் இருந்திருந்தாலும் அவர் இல்லாமல் அது எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று யோசித்தேன். என் சிவப்பு வயர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

எரியாமல் மிஞ்சியவற்றையும் சொல்லவேண்டும். அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. லின் வெஸ்ட்கொட் அவரைப் பற்றி எழுதிய நூல் 1981இல் வந்தது, ஆனால் அதற்கு முந்திய வருடமே வெஸ்ட்கொட்டும் இறந்துவிட்டார். ஐந்து பாயிண்டுப் பலகையை இன்றும் பல நாடுகளில் மக்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை தப்பிவிட்டன.

இங்கிலாந்தில் ஜோன் அஹேர்ன் கட்டிய 'மடர் வலி' இன்னொரு வழியில் போனது. அவர் 1961இல் இறந்தார். அவருடைய மொடல் ஒக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள பென்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அழகானது, ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஆபரணத்தைப் பார்ப்பது போன்றது.

மூன்றாவது வழியைக் காட்டியவர் பீற்றர் டெனி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். 1940களில் தொடங்கி வாழ்நாள் முழுக்க 'பக்கிங்ஹாம்' என்ற பாதையை இடித்தும் திருத்தியும் கட்டினார். அதில் மூன்று நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். ஒருவரோடு ஒருவர் வாயால் பேசுவதில்லை, மணியால் பேசுவார்கள். இது பிரிட்டிஷ் சிக்னல்காரரின் பாஷை. ஒரு தட்டு: கவனி. மூன்றும் ஒன்றும்: சாதாரண பயணிகள் வண்டி வருகிறது, எடுப்பாயா? மற்றவர் அதையே திருப்பித் தட்டினால் எடுக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு தட்டு: வண்டி உன் பகுதிக்குள் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றும்: போய்ச் சேர்ந்தது, பாதை வெறுமை.

நடு நிலையத்தை டெனியின் மகன் கிறிஸ்பின் பார்த்துவந்தார். மகன் வீட்டில் இல்லாத காலம் வந்தபோது, அவருடைய வேலையைச் செய்ய டெனி ஒரு யந்திரம் செய்தார். மணியைக் கேட்டு, பதில் மணி அடித்து, பாயிண்டுகளை மாற்றும் யந்திரம். அதற்கு 'தானியங்கிக் கிறிஸ்பின்' என்று பெயர். அந்தப் பெயரில் இருக்கும் பகிடியும் தனிமையும் புலம்பெயர்ந்த பெற்றோருக்கு விளக்கத் தேவையில்லை. டெனி 2009இல் இறந்தபின் பாதை ஒரு நண்பரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பழுதுபார்த்து ஓட்டிவருகிறார். டெனி இல்லாத அறையில் அதே மணிக்குறிகள் ஒலிக்கின்றன.

இதை வாசித்தபோது எனக்குக் கொடிகாமம் ஸ்டேசன் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஐயா என்னைக் கோச்சி பார்க்கக் கூட்டிப் போவார். ஒற்றைப் பாதை. ஓடிவரும் எஞ்சினில் இருந்து ட்றைவர் கம்பி வளையம் ஒன்றை நீட்டுவார், ஸ்டேசன் ஆள் அதைப் பறித்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பார். வளையத்துப் பைக்குள் இருப்பது ரேப்லெற் என்ற உலோக வில்லை. அது கையில் இல்லாமல் ஒரு வண்டியும் அடுத்த பகுதிக்குள் போகமுடியாது. இரண்டு ஸ்டேசன் மாஸ்டர்களும் மணியால் ஒத்துக்கொண்டால்தான் பெட்டி அந்த வில்லையை வெளியே விடும். ஒன்று வெளியே வந்துவிட்டால் அது திரும்பி உள்ளே போகும்வரை இன்னொன்று வராது. எந்தத் தனி மனிதருடைய ஞாபகத்தையும் நம்பாத ஏற்பாடு அது. நான் கராஜுக்குள் கட்டியதோ அதற்கு நேர் எதிர்.

1905இல் காங்கேசன்துறை வரை போட்ட அந்தப் பாதையில் 1990இல் வண்டிகள் நின்றன. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014இல்தான் கோச்சி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இரும்பு மிஞ்சவில்லை. பாதை எதுவழியாகப் போனது, எப்படி ஓட்டுவது என்பது மிஞ்சியிருந்தது.

அடுத்த வியாழன் நாலு பேரிடமும் சொன்னேன்: இனி நீங்கள்தான் ஓட்டவேண்டும். சொல்வது சுலபம். முதல் இரவிலேயே எனக்கு மிகப் பிடித்த எஞ்சின் பாயிண்டில் தடம்புரண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. நான் கத்திவிட்டேன். பிறகு பிரஷர் பார்த்தால் சொல்லத் தேவையில்லை. தபால்காரர் அமைதியாகச் சொன்னார்: "எந்த வயர் எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் அது விழுந்திருக்காது." உண்மை. ஒன்பது வியாழன்கள் வண்டி ஓடவில்லை. நான் கதிரையில் இருந்து சொல்ல, பெடியன் பலகைக்குக் கீழே கிடந்து ஒவ்வொரு வயருக்கும் துண்டு கட்டினான். நான் மெஷினில் இருக்கும் நேரத்தில் வலது கையால் வேலைப் புத்தகம் எழுதினேன். நேரசூசி, மணிக்குறி, எந்த எஞ்சின் எந்த வளைவில் அடம்பிடிக்கும் என்பது வரை.

குளிர்காலத்தில் கிருமித்தொற்று வந்து இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வியாழன் இரவு ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் ஒருவரும் பேசவில்லை. ஒரு மணித் தட்டு. எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பக்கத்தில் இருந்த கரண்டியால் தண்ணீர்க் கோப்பையில் ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு மூன்றும் ஒன்றும். நானும் மூன்றும் ஒன்றும். பக்கத்துக் கட்டில்காரர் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஐந்து மணி வண்டி வருகிறது என்றேன். இரண்டு தட்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வளைவையும் பாலத்தையும் எண்ணி, வண்டி வந்து சேர வேண்டிய நேரத்தில் இரண்டும் ஒன்றும் தட்டினேன். மறுமுனையில் நாலு பேரும் சிரிப்பது கேட்டது.

இன்னும் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறேன். பாதை யாருக்கு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று: ஒருவருக்கல்ல, வியாழன் குழுவுக்கு.

போன மாதம் பெடியன் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். என் பாதையின் கடைசி நிலையத்துக்குக் கொடிகாமம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறேன். ஆனால் தண்டவாளம் கடையில் வாங்கிய 16.5 மில்லிமீற்றர் அகலம். இலங்கையின் பெரிய பாதை ஐந்தடி ஆறங்குலம். அடிக்கு நாலு மில்லிமீற்றர் என்ற எங்கள் கணக்கில் 22 மில்லிமீற்றர் வரவேண்டும். அந்த அகலத்துக்குக் கடையில் ஒன்றும் கிடையாது, எல்லாம் கையால் செய்யவேண்டும். இவன் கொடிகாமத்தை ஒருநாளும் கண்டதில்லை. "அங்கிள், சரியான அகலத்தில செய்து பாப்பமா? ஆனா உங்கட ஸ்டேசனை உடைக்க வேண்டி வரும்."

அந்த மேடையின் ஓடுகளை ஒவ்வொன்றாக ஒட்டியவன் நான். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். பிறகு லாச்சியைத் திறந்து, மெல்லிய தகட்டுக் கத்தியை எடுத்து அவனிடம் நீட்டினேன். பெயர்ப்பலகையை மட்டும் முதலில் கவனமாகக் கழற்றச் சொன்னேன்.