எழுத்தின் சாவி யாரிடம் இருந்தது? புனேயிலிருந்து ஒரு கணினி வரலாறு

திறமூல இயங்குதளமா, தனியுரிமை இயங்குதளமா என்ற விவாதம் பெரும்பாலும் விலை, பாதுகாப்பு, பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் பயனரை மனத்தில் கொண்டு எழுந்த விவாதம் அது. மராத்தியிலோ தமிழிலோ ஒரு விண்ணப்பம் எழுத விரும்பியவருக்கு அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருந்தது. தம் எழுத்து இந்தக் கணினியில் தெரியுமா? தெரிந்தால், நாளை வேறொரு கணினியிலும் அது அதே எழுத்தாகத் திறக்குமா?

இக்கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த விடைகளின் வரலாற்றில் புனேக்குத் தனி இடம் உண்டு. எழுத்தை வன்பொருள் அட்டையாக விற்ற நகரமும், மென்பொருட்பொதியாக விற்ற நகரமும், பின்னர் உரிமத்தோடு பொதுவில் விட்ட நகரமும் ஒன்றே. அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால், சாதாரணப் பயனரைக் கட்டிப்போட்ட பூட்டு இயங்குதளத்தில் மட்டும் இருக்கவில்லை என்பது புலப்படும். அதைவிட இறுக்கமான பூட்டு எழுத்தின் குறிமுறையில் இருந்தது.

1. அட்டைக்குள் அடங்கிய எழுத்து

1980களின் தொடக்கத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேவநாகரியைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில், 1983 செப்டம்பரில், ரிச்சர்டு ஸ்டால்மன் அமெரிக்காவில் க்னூ திட்டத்தை அறிவித்தார். அங்கே சிக்கல், மூலநிரல் பயனரிடமிருந்து மறைக்கப்படுவது. இங்கே சிக்கல், பயனரின் எழுத்தே கணினியில் இல்லாதது. இவ்விரு சிக்கல்களும் சந்திக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

1988இல் புனேயில் சி-டாக் என்னும் உயர்கணிப்பு வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. அதன் முதன்மை நோக்கம் மீக்கணினி. ஆனால் கான்பூரில் வளர்ந்த மொழித்தொழில்நுட்பமும் அங்கே இடம்பெயர்ந்து ஜிஸ்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. அதன் புகழ்பெற்ற விளைபொருள் ஜிஸ்ட் அட்டை. கணினிக்குள் செருகப்படும் அந்த அட்டை, டாஸ் இயங்குதளத்தில் ஓடிய வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே இந்திய எழுத்துகளை உள்ளிடவும் காணவும் வழிசெய்தது. இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு இந்திய எழுத்துகளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தீர்வு முழுவதும் அட்டைக்குள் இருந்தது. அட்டை இல்லாத கணினியில் எழுத்தும் இல்லை.

2. ஒரு தரநிலை, ஒன்பது எழுத்துமுறைகள்

அட்டை விற்பனைப் பொருள். அதன் அடிப்படையாக இருந்த குறிமுறையோ பொதுவுடைமை ஆயிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் இஸ்கி குறிமுறையை ஐ.எஸ். 13194 என்ற எண்ணுடன் தரநிலையாக வெளியிட்டது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டுத் தொகுதி என்பது அதன் கருத்து. தேவநாகரியின் க, தமிழின் க, வங்காளத்தின் க மூன்றும் ஒரே எண்ணைப் பெற்றன. இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையும் இதே ஒழுங்கைப் பின்பற்றியது.

மொழியியலாளருக்கு இத்தரநிலையில் சுவையான செய்தி ஒன்று உண்டு. தென்னக மொழிகளின் றகரத்துக்காக இஸ்கி ஓர் இடத்தை ஒதுக்கியது. மராத்தி எழுத்தில் சில சொற்களில் ரகரம் கண்ணிமை போன்ற தனி வடிவம் பெறும். கடலைக் குறிக்கும் ‘தர்யா’ என்ற சொல்லும், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ‘தரீ’ என்பதன் பன்மையான ‘தர்யா’ என்ற சொல்லும் எழுத்தில் இந்த ரகர வடிவத்தால்தான் வேறுபடும். அக்கண்ணிமை ரகரத்தைக் குறிக்க இஸ்கி பயன்படுத்தியது றகரத்தின் குறியீட்டையே. தமிழரின் றகரத்துக்கான இடம் புனேக்காரரின் சொல்லில் பொருள் வேறுபாட்டைக் காக்கிறது. ஒருங்குறியும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறி ஏற்றது இதை மட்டுமன்று. இந்திய எழுத்துகளுக்கான அதன் அமைப்பே இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. இன்றும் ஒருங்குறி அட்டவணையில் தமிழ்க் ககரம் தேவநாகரிக் ககரத்திலிருந்து சரியாக 640 இடங்கள் தள்ளி நிற்கிறது. ஙகரமும் சகரமும் அவ்வாறே. தமிழ்க் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே வெற்றிடமாக உள்ள மூன்று இடங்கள், வல்லின வருக்கத்தில் தமிழுக்குத் தேவைப்படாத எழுத்துகளின் நிழல்கள். தமிழ் எழுத்துகளுக்குத் தேவநாகரியின் சட்டகம் பொருந்துமா என்ற எதிர்ப்பு தமிழறிஞரிடையே நெடுநாள் நிலவியதற்கும், உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடமளிக்கும் டேஸ்-16 குறிமுறையைத் தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதற்கும் பின்னணி இதுவே. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அட்டவணை பொதுவில் இருந்ததால்தான் அதைப் பார்த்து எதிர்க்க முடிந்தது.

3. 1991

கணினி வரலாற்றில் 1991 வியப்பான ஆண்டு. இஸ்கி தரநிலை, ஒருங்குறியின் முதற்பதிப்பு, புனேயின் பரம் 8000 மீக்கணினி ஆகிய மூன்றும் அவ்வாண்டில் வெளியாயின. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை அறிவித்ததும் அவ்வாண்டு ஆகஸ்டில்தான். அடுத்த ஆண்டே அது க்னூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. திறந்த குறிமுறையும் திறந்த இயங்குதளமும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஆனால் அடுத்த பத்தாண்டு வேறு திசையில் சென்றது.

4. பூட்டின் காலம்

1990களில் விண்டோஸ் பரவியதும் அட்டையின் தேவை குறைந்தது. திரையில் எந்த வடிவத்தையும் எழுத்துரு வழியாகவே வரைய முடிந்தது. புனேயில் சி-டாக் நிறுவனத்தின் ஐ.எஸ்.எம். பொதியும், மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தின் ஸ்ரீலிபியும் அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இடம்பிடித்தன. தமிழுக்கும் இத்தகைய பொதிகள் பல வந்தன.

இங்கே தொழில்நுட்பத்தின் நுட்பமான இடறல் ஒன்று நிகழ்ந்தது. தமிழ் இலக்கண மரபு ஒலியெழுத்தையும் வரியெழுத்தையும் வேறுபடுத்திப் பேசும். இஸ்கி சேமித்தது மொழியின் எழுத்தை. இப்புதிய எழுத்துருக்கள் சேமித்தவை வரிவடிவத்தின் துண்டுகளை. ‘பொ’ என்பதை ஒருங்குறி பகரத்தையும் ஒகரக் குறியையும் அடுத்தடுத்து வைத்துச் சேமிக்கும். வடிவம் சார்ந்த குறிமுறைகளோ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பு, பிறகு பகரம், பிறகு கால் என மூன்று துண்டுகளாகச் சேமித்தன. அச்சுக்கு இதனால் குறையில்லை. ஆனால் தேடலும் அகரவரிசையும் சொற்பகுப்பும் தடுமாறின. அதைவிட முக்கியமாக, எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆவணம் பொருளற்ற குறிகளின் குவியலாக நின்றது.

தனியுரிமையின் உண்மையான விலை இதுதான். இயங்குதளத்துக்குச் செலுத்திய பணம் ஒருமுறை போவது. குறிமுறைக்குச் செலுத்திய விலை, எழுதிய ஒவ்வொரு பக்கத்தோடும் கூடியது. தம் கையால் எழுதிய ஆவணத்தைத் திறக்கும் சாவி தம்மிடம் இல்லை என்பதைப் பயனர் கணினியை மாற்றும் நாளில்தான் உணர்ந்தார். தமிழுலகம் இதைத் தன் வழியில் எதிர்கொண்டது. ஆர்வலர்கள் கூடித் திஸ்கி குறிமுறையை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையடுத்துத் தமிழக அரசு டாப், டாம் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி எழுத்துரு நிலைத்துவிட்டிருந்தது. ஒரே மொழி, பல சாவிகள்.

5. மூடிய தளத்தில் திறந்த தரநிலை

நேர்மையான வரலாறு ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்தப் பூட்டைப் பெருவாரியான பயனர்களுக்கு முதலில் தளர்த்தியது மூடிய இயங்குதளமே. 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000, தேவநாகரிக்கும் தமிழுக்கும் இயங்குதள அளவிலேயே ஒருங்குறி ஆதரவை அளித்தது. மும்பையைச் சேர்ந்த எழுத்துருக் கலைஞர் ஆர். கே. ஜோஷி வடிவமைத்த மங்கள், லதா எழுத்துருக்கள் அதனோடு வந்தன. மூலநிரல் மறைவாக இருந்தது. குறிமுறை உலகப் பொதுவாக இருந்தது. அதில் எழுதிய கோப்பை, ஒருங்குறி அறிந்த வேறெந்தத் தளத்திலும் திறக்கலாம்.

லினக்ஸின் நிலை அப்போது இதற்கு நேர்மாறு. மூலநிரல் முழுதும் திறந்திருந்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் அயல்நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் கேடிஈ, க்னோம் பணிச்சூழல்களைத் தமிழாக்கிவந்தனர். ஆனால் எழுத்துருவின்றி மொழிபெயர்ப்பால் பயனில்லை. நல்ல எழுத்துரு செய்வது மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய தொழில். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் விற்பனை நிறுவனங்களில் இருந்தார்கள்.

புனே மீண்டும் கதைக்குள் வருவது இங்கேதான். 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் லோஹித் என்ற பெயரில் வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, தமிழ் ஆகிய ஐந்து மொழிகளுக்கான எழுத்துருக்களை க்னூ பொது உரிமத்தில் வெளியிட்டது. அவற்றை வழங்கியது புனேயின் மாடுலர் இன்ஃபோடெக், அதாவது ஸ்ரீலிபியை விற்ற அதே நிறுவனம். லோஹித் என்பதற்கு வடமொழியில் சிவப்பு என்று பொருள். பிற இந்திய மொழிகள் பின்னர் சேர்ந்தன. ரெட் ஹாட்டின் புனே அலுவலகத்தில் இயங்கிய மொழித்தொழில்நுட்பக் குழு அவற்றைப் பல ஆண்டுகள் பராமரித்தது. 2011இல் அவை திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறின. ஆண்ட்ராய்டின் நான்காம் பதிப்பில் தமிழ் எழுத்தாகத் தெரிந்தது லோஹித் தமிழே. மேசைக்கணினியில் லினக்ஸை ஒருமுறைகூடத் தொடாத லட்சக்கணக்கானோர் புனேயில் பிறந்த திறமூல எழுத்தைக் கைப்பேசியில் படித்தார்கள்.

6. இரு கதவுள்ள மடிக்கணினி

எழுத்து திறந்துவிட்டால் இயங்குதளமும் திறந்துவிடுமா? இதற்கான சோதனைக்களம் தமிழகத்தில் அமைந்தது. 2007இல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அதே காலகட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது, தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் ஒரே கணினியில் நிறுவப்பட்டு மாணவர் கையில் சேர்ந்தன.

காகிதத்தில் அது முழுமையான தேர்வுரிமை. ஆனால் இரு கதவுள்ள வீட்டில் எல்லோரும் நுழையும் கதவு வழியாகவே புதியவரும் நுழைவார். அச்செடுக்கும் கடை, பக்கத்து வீட்டு அண்ணன், கணினிப் பயிற்சி மையம் என மாணவரைச் சூழ்ந்த உலகம் விண்டோஸ் பேசியது. கேரளத்தில் நிலை வேறாக இருந்தது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர் பயிற்சி, பாடநூல், செய்முறைத் தேர்வு ஆகியவற்றைத் திறமூலத் தளத்தின்மீதே கட்டியது. மென்பொருளைக் கணினியில் வைத்ததோடு தமிழகம் நின்றது. அதைக் கல்வியின் நடைமுறைக்குள் கேரளம் கொண்டுசென்றது. சாதாரணப் பயனர் இயங்குதளத்தைத் தனியாகத் தேர்வதில்லை; தம்மைச் சூழ்ந்தவர்களோடு சேர்ந்தே தேர்கிறார்.

7. எஞ்சியிருக்கும் பூட்டு

மின்னாளுகையில் திறந்த தரநிலைகளுக்கான கொள்கையை இந்திய அரசு 2010இல் வகுத்தது. திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கை 2015இல் வந்தது. தரநிலை முன்னும் மென்பொருள் பின்னுமாக அமைந்த இவ்வரிசை, மேலே கண்ட வரலாற்றோடு பொருந்துகிறது. இன்று ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் ஆகிய அனைத்திலும் எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பது ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே திறமூல நிரல்தொகுப்பு. மேற்பரப்பில் எந்தத் தளம் இருந்தாலும் எழுத்தின் அடித்தளம் பொதுவாகிவிட்டது.

கடந்த காலம் மட்டும் இன்னும் பொதுவாகவில்லை. 1990களிலும் 2000களிலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகள், அரசாணைகள், இதழ்ப் பக்கங்கள் மின்படிகளாகவே இருந்தும் தேடலுக்கு அகப்படுவதில்லை. அவற்றின் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் குறிக்குவியலே கிடைக்கிறது. மூல எழுத்துருவின் குறியீட்டு அட்டவணை கையில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றுவது சிறு நிரலுக்கு அடங்கும் வேலை. அட்டவணை மறைந்துவிட்டால், ஒவ்வொரு வடிவத்தையும் கண்ணால் பார்த்து ஊகிக்கும் கல்வெட்டுப் படிப்பாக அது மாறுகிறது. இருபது ஆண்டுப் பழைய ஆய்வேட்டுக்குக் கல்வெட்டியலாளர் தேவைப்படுவது விந்தையான நிலை.

ஆகவே பல்கலைக்கழகத் துறைகளுக்கு முன்னுள்ள பணி, எந்த இயங்குதளத்தை வாங்குவது என்ற முடிவோடு முடிந்துவிடுவதில்லை. துறையில் பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகள் எவை, அவற்றின் எழுத்துருக் கோப்புகளேனும் எஞ்சியுள்ளனவா என்று ஒரு பட்டியல் எடுப்பதற்கு உரிமமோ நிதியோ தேவையில்லை. அந்த எழுத்துருக்களை நிறுவியவர்களும் அவற்றில் தட்டச்சு செய்தவர்களும் ஓய்வுபெற்றுவருகிறார்கள். அவர்களைக் கேட்டறியக்கூடிய காலம் இதுவே.