முதற் பள்ளி நாவலில் பெண்மக்கள்

ஆங்கிலத்தில் சிறாருக்கென எழுந்த முதல் முழு நாவல் யாது என வினவின், ஆராய்வோர் பலர் சாரா பீல்டிங் 1749இல் இலண்டனில் வெளியிட்ட 'கவர்னஸ்' என்னும் நூலைச் சுட்டுவர். பெண்மக்கள் உடனுறைந்து பயிலும் ஒரு சிறு பள்ளியே அதன் களம். அதனைக் கீழ்ப்படிதலைப் புகட்டும் வெறும் அறவுரைக் கோவை என ஒதுக்குவாரும் உளர். அம் முடிபு நூலின் அமைப்போடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் நோக்கக் கருதுவது.

கணவரையும் இரு பெண்மக்களையும் பொருளையும் இழந்த டீச்சம் அம்மையார், ஒன்பது மாணவியரைக் கொண்டு பள்ளி நடத்துகிறார். ஒரு நாள் அவர் தந்த ஆப்பிள் பழங்களை மூத்தவளாகிய ஜென்னி பீஸ் பங்கிடுகிறாள். பெரிய பழம் ஒன்றற்கு எல்லோரும் போட்டியிடவே, அவள் அதனை வேலிக்கு அப்பால் எறிந்துவிடுகிறாள். பழம் போயிற்று, பூசல் போகவில்லை. ஆடைகள் கிழிகின்றன. அம்மையார் தண்டிக்கிறார். ஆயினும் மாணவியர் மனம் மாறுவது அத் தண்டனையாலன்று. ஜென்னி சுக்கி ஜெனட் என்பாளிடம் தனித்துப் பேசுகிறாள்; முதலிற் பணிந்து போதல் இழிவு என வாதிட்ட சுக்கி, இரவெல்லாம் தன்னைத் தானே வினவித் தெளிகிறாள். நூலின் உயிர்நிலை இவ்விடமே என்பது எம் துணிபு.

பின்னர் மாணவியர் தோட்டத்துப் பந்தரிற் கூடுகின்றனர். ஒவ்வொருத்தியும் தன் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கூறுகிறாள். 'இன்னாரின் வாழ்க்கை' எனத் தனித்தலைப்பும் இடப்படுகிறது. பெரியோர்க்கே வரலாறு எழுதப்பெற்ற காலத்தில், எட்டு வயதுச் சிறுமிக்கும் ஒரு வரலாறு உண்டு எனக் கொண்டது சிறு செய்தியன்று. லூசி ஸ்லை என்னும் பெயரின் பிற்பகுதி சூழ்ச்சியைக் குறிக்கும். ஆசிரியை சூட்டிய பெயர் குற்றத்தை மட்டும் சொல்கிறது. அவள் சொல்லும் கதையோ அக் குற்றம் வந்த வழியைச் சொல்கிறது. தன் குறையைத் தானே எடுத்துரைத்தும் தோழியரால் இகழப்படாமையே அவர்கட்குத் தம்மதிப்பைத் தருகிறது.

குறையொன்றும் கூறாது விடுதல் முறையன்று. படித்தல், எழுதுதல், தையல், நல்லொழுக்கம் என்பனவே அப் பள்ளியின் பாடங்கள். ஆசிரியையோ கிரேக்கம் கற்றவர். சாக்ரடீசைப் பற்றிய செனபோனின் நூலை 1762இல் ஆங்கிலமாக்கியவர். தாம் பெற்ற அக் கல்வியைத் தம் மாணவியர்க்கு அவர் அளிக்கவில்லை. காலத்தின் மேற் பழியைப் போட்டுவிடுதல் எளிது. ஆனால் அவரே அக் காலத்தவர் அல்லரோ?

சார்லஸ் லாம், மேரி லாம் இருவரும் 1809ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட 'லெஸ்டர் அம்மையார் பள்ளி', மாணவியர் தம் கதை கூறும் இம் முறையைப் பின்பற்றியது. 1820இல் ஷெர்வுட் அம்மையார் 'கவர்னசை'த் திருத்தியபோது, தேவதைக் கதைகளிற் பெரும்பாலனவற்றை நீக்கினார். மூலநூலிலோ டீச்சம் அம்மையார் அவற்றைத் தடுக்கவில்லை. அரக்கரிலும் மாயத்திலும் மயங்காமல் உட்பொருளை நோக்குக என எச்சரித்ததோடு அமைந்தார்.

இறுதியில் ஜென்னி பள்ளியை விட்டு நீங்குகிறாள். அதன்பின் எவளேனும் சினந்து எழுங்கால், அங்கே அவளுக்கு எடுத்துரைக்கப்பட்டது ஜென்னியின் வரலாறே.