ஏசிய பிறகுதான் தெரிகிறதா?

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறோம். பிள்ளை ஏதோ கேட்கிறது. கேட்டு முடிப்பதற்குள் எமது குரல் உயர்ந்துவிடுகிறது. ஏசிய பிறகுதான் ஏசிவிட்டோம் என்பதே எமக்குத் தெரிகிறது.

பிள்ளைமீது பாசம் இல்லாததால் இப்படி நடப்பதில்லை. ஒரே சூழலில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், அது யோசனையின்றியே நடக்கும்படி மூளை பழகிக்கொள்கிறது. எம்மில் பலருக்கு இந்தக் குரல் போர்க்காலத்தில் வந்தது. விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை அதட்டிப் பதுங்குகுழிக்குள் இறக்கினோம். அன்று அந்த வேகம் உயிரைக் காத்தது. இன்று வீட்டுப்பாடத்துக்கும் அதே குரலில் அதட்டுகிறோம்.

இதை மாற்ற வழி உண்டு. நகம் கடித்தல் போன்ற பழக்கங்களை மாற்றுவதற்கு, அமெரிக்க உளவியலாளர்களான நேதன் அஸ்ரின், கிரகரி நன் ஆகிய இருவரும் 1973 இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் முதலில் கற்பிக்கப்படுவது கவனித்தல். அதன் பிறகுதான் பழைய செயலுக்குப் பதிலாக வேறொரு செயல். இந்த ஒழுங்கை நாமும் பின்பற்றலாம்.

முதல் ஒரு கிழமை எதையும் மாற்ற வேண்டாம். குறித்து மட்டும் வைப்போம். எத்தனை மணிக்குக் கோபம் வந்தது? பசியோடு இருந்தோமா? ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருந்ததா? குரல் உயர முன்னர் தாடை இறுகியதா, தோள் விறைத்ததா? அந்த முதல் அறிகுறியைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, ஒரே ஒரு மாற்றுச் செயலைத் தீர்மானிப்போம். தாடை இறுகினால், பதில் சொல்வதற்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடிப்போம். "பத்து நிமிடம் பொறு பிள்ளை, அம்மா உடுப்பு மாற்றிவிட்டு வாறன்" என்று சொல்வதும் போதும்.

பொறுமை வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் செய்த ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. புதிய பழக்கம் ஒன்று படிய சராசரியாக 66 நாட்கள் என்றும், ஆளுக்காள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்றும் அதில் கணித்தார்கள். ஒரு நாள் தவறியது பெரிய பின்னடைவாகவில்லை.

தவறும் நாளில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்போம். அதனால் நாம் சிறுத்துப்போவதில்லை. நித்திரையின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல் ஆகியவையும் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்வோம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பதுங்குகுழியை நாம் தாண்டி வந்துவிட்டோம். அங்கு பழகிய குரலைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டாம்.