42 நாள், 70 நாள், 180 நாள்

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய் மாநிலங்களும் சேர்ந்து, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைக் கட்டித் தருவதாக 1912இல் அறிவித்தன. செலவு ஏறக்குறைய 30 லட்சம் பவுன். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் தோட்டத்து ரப்பரும் ஈட்டித் தந்த காசு அது. 'மலாயா' என்றே பெயர் பெற்ற அந்தக் கப்பல், 1916இல் ஜட்லண்ட் கடற்போரில் பல குண்டுகளைத் தாங்கியும் மூழ்காமல் திரும்பியது. காவல்காரனுக்குச் சம்பளத்தை முன்பணமாகவே கொடுத்து வைத்த கணக்கு.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியபோது, அந்தக் கப்பல் ஐரோப்பியப் போரில் இருந்தது.

யாரோ ஒருவர் ஒரே நாளில் மனம் மாறி மலாயாவைக் கைவிட்டுவிடவில்லை. வாக்குறுதி சிறுகச் சிறுகத் தேய்ந்தது. ஜப்பான் தாக்கினால் பிரிட்டனிலிருந்து பெரும் கப்பற்படை வரும், அதுவரை சிங்கப்பூர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே திட்டம். அந்தக் காத்திருப்புக் காலம் முதலில் 42 நாள். 1937இல் அது 70 ஆனது. 1939இன் நடுவில் 90. ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180. கடைசியில், 1940 ஆகஸ்டில், இப்போதைக்குக் கப்பற்படையை அனுப்ப வழியில்லை என்று லண்டனின் படைத் தலைவர்களே எழுதி வைத்தார்கள். அந்த ரகசிய அறிக்கையின் பிரதியைச் சுமந்து வந்த 'ஆட்டோமெடன்' கப்பல் நவம்பரில் ஜெர்மானியரிடம் சிக்கியது. அவர்கள் அதை ஜப்பானிடம் சேர்த்துவிட்டார்கள். பேராக்கில் பால் வெட்டிக்கொண்டிருந்தவருக்குத் தெரியாத சேதி டோக்கியோவுக்குத் தெரிந்திருந்தது.

வானிலும் இதே கதைதான். மலாயாவுக்கு 336 விமானங்கள் தேவை என்று லண்டன் கணக்கிட்டது. களத்தில் இருந்த தளபதிகள் 500க்கும் மேல் கேட்டார்கள். போர் தொடங்கிய நாளில் பறக்கும் நிலையில் இருந்தவை 160க்கும் குறைவு, அவற்றிலும் பல காலாவதியானவை. டாங்கி ஒன்றுகூட இல்லை. அதே 1941 அக்டோபரில், மாதந்தோறும் 200 விமானங்களும் 250 டாங்கிகளும் சோவியத் ஒன்றியத்துக்குத் தருவதாக பிரிட்டன் ஒப்புக்கொண்டிருந்தது. மாஸ்கோவை நோக்கி ஜெர்மானியர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தேவை பொய்யல்ல. ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது என்ற பேச்சில் ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ இடமே இருக்கவில்லை.

இன்று இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்கிறது. சீனாவைத் தடுப்பதே முதல் வேலை, தங்கள் பாதுகாப்பை ஐரோப்பியர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று 2025 பிப்ரவரியில் அமெரிக்கா சொன்னது. மார்ச்சில் உக்ரைனுக்கான ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் சில நாட்கள் நிறுத்தியும் காட்டியது. ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் தத்தம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக உறுதி கூறின. ஐரோப்பாவுக்கு எச்சரிக்கையாவது காலத்தோடு கிடைத்தது. பேராக்குக்கு அதுவும் கிடைக்கவில்லை.

1941இல் பினாங்கில் நடந்தது வடக்கே எல்லோரையும் உலுக்கியது. டிசம்பர் நடுவில் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மற்றவர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. ஆட்சியாளர் இல்லாத ஊரில் கோட்டைக் கம்பத்திலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர் எம். சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். குண்டுவீச்சு நிற்கட்டும் என்பதற்காக அவர் அதைச் செய்தார்.

ஈப்போவை விட்டுப் பின்வாங்கிய 11ஆவது இந்திய டிவிஷன், கம்பார் குன்றுகளில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை எதிரியை மறித்து நின்றது. மேற்கே ஈயம் தோண்டி வெட்டவெளியாகிக் கிடந்த நிலம் பீரங்கிக்குத் தோதாக இருந்தது. ஒரு மேட்டை இழந்தபோது, பஞ்சாப் ரெஜிமென்டின் சீக்கியக் கம்பெனி துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து அதை மீட்டது. ஆனால் கடலோரத்தில் காவலுக்குக் கப்பல் இல்லை. தெலுக் ஆன்சன் பக்கம், இன்றைய தெலுக் இந்தான், ஜப்பானியர் படகில் வந்து இறங்கவும் கம்பாரைக் கைவிட நேர்ந்தது. ஜனவரி 7 விடியுமுன் ஸ்லிம் ரிவரில் சுமார் 30 டாங்கிகள் பெரிய சடக்கு வழியாகவே பாய்ந்து வந்தன. ரப்பர் மரங்களுக்கிடையே கிடந்த பழைய சடக்கு வளைவுகள் அவற்றுக்குச் சுற்றுவழியாயின. டாங்கியை அதுவரை கண்ணால் பார்த்திராத சிப்பாய்கள் அங்கே நிறையப் பேர். பொழுது ஏறுமுன் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

துரைமார் போய்விட்டார்கள். லயத்தில் இருந்தவர்கள் போக இடமில்லாமல் நின்றார்கள். கடல்வழி அடைபட்டதால் ரப்பரை வாங்க ஆளில்லை, பால் வெட்டும் நின்றது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி ஜப்பானியர் அவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி, சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதையில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பல்லாயிரம் பேர் பலியானார்கள். போர்க்கைதிகளுக்காவது வரிசையாகக் கல்லறைகள் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது. அந்தப் போரைப் பற்றிய எந்த ஏட்டிலும் முதலில் எழுதப்பட வேண்டியது இதுதான்.

1968 ஜனவரியில் பிரிட்டன் மறுபடியும் கிளம்பியது. 1971 முடிவதற்குள் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படைகளைத் திரும்பப் பெறுவதாக ஹரோல்டு வில்சன் அறிவித்தார். இம்முறை கோலாலம்பூரில் ஆட்சியில் இருந்தவர்கள் ஜப்பான் காலத்தை நேரில் பார்த்த தலைமுறை. 1971 நவம்பர் 1 அன்று பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகியவற்றோடு ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தாக்குதல் நேர்ந்தால் உடனே கலந்து பேசுவோம் என்பதுதான் அதன் உறுதி, வந்து போரிடுவோம் என்பதல்ல. அதே மாதம் 27ஆம் தேதி, துன் ரசாக் பிரதமராக இருந்தபோது, ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் கூடித் தென்கிழக்காசியாவை அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட வட்டாரமாக ஆக்க விழைவதாக அறிவித்தன.